மென்மையான தோலுக்கேற்ற வீட்டுச் சவர்க்காரம்

தென்னை நிற்கும் வளவிலே சவர்க்காரத்துக்கு வேண்டிய முதன்மைப் பொருள் எந்நாளும் உண்டு. கொப்பராவைச் செக்கிலிட்டுப் பெறும் தேங்காயெண்ணெயோடு எரிசோடாவும் நீரும் இருந்தால் எந்த வீட்டிலும் சவர்க்காரம் செய்யலாம். சவர்க்காரம் பட்டவுடன் தோல் சிவந்து அரிக்கும் இயல்புடையோர், தோட்ட வேலையாலும் பாத்திரங் கழுவுவதாலும் கை வெடித்தோர், சிறுபிள்ளைகளைக் குளிப்பாட்டும் தாய்மார் ஆகியோர் கடைச் சவர்க்காரத்தை விட்டு வீட்டுச் சவர்க்காரத்தை நாடுதல் இயல்பே.

ஆயின், வீட்டிலே செய்யப்பட்டது என்னும் காரணத்தினால் மாத்திரம் ஒரு சவர்க்காரம் தோலுக்கு இதமானதாகிவிடாது. அளவு தவறிச் செய்த வீட்டுச் சவர்க்காரம், கடையில் விற்கும் மிக மலிவான கட்டியிலும் பார்க்கத் தோலைப் புண்படுத்தும். சந்தனம், மஞ்சள், கற்றாழை, வாசனை எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்தால் மென்மை வந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மென்மை மூன்று செயல்களினாலேயே உண்டாகின்றது. எண்ணெயையும் எரிசோடாவையும் சரியாக நிறுத்தெடுத்தல் முதலாவது. எண்ணெயிற் சிறு பகுதி மிஞ்சுமாறு விடுதல் இரண்டாவது. கட்டி முற்றும்வரை பொறுத்திருத்தல் மூன்றாவது. இவற்றுள் எதற்கும் மேலதிகச் செலவில்லை, கவனமே வேண்டும்.

சவர்க்காரம் உண்டாகும் விதம்

எண்ணெய்களும் கொழுப்புக்களும் கொழுப்பமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தமைந்த பொருள்கள். இதனைப் பிரான்சிய இரசாயன அறிஞரான செவ்ரேல் என்பார் தமது ஆராய்ச்சிகளால் நிறுவி, 1823ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். எரிசோடா எனப்படும் சோடியமைதரொட்சைட்டு எண்ணெயுடன் சேரும்போது கொழுப்பமிலத்தைப் பற்றிக்கொண்டு சவர்க்காரமாகின்றது. கிளிசரின் தனியே பிரிகின்றது. பெரிய தொழிற்சாலைகள் பலவற்றிற் கிளிசரினை வேறாக்கி எடுத்துவிடுவர். வீட்டிற் செய்யும் முறையில் அது கட்டியினுள்ளேயே தங்கிவிடும். 1000 கிராம் எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 110 கிராம் கிளிசரின் கிடைக்கும். ஈரத்தைப் பற்றிவைக்கும் இப்பொருள் கட்டியில் இருப்பது வீட்டுச் சவர்க்காரத்தின் ஒரு சிறப்பு.

சவர்க்காரம் என்னும் சொல்லிலேயே காரம் அடங்கியிருப்பதை மறத்தலாகாது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத் தன்மை வாய்ந்தது, அதன் பீ.எச். பெறுமானம் 5ஐ அடுத்து நிற்கும். நன்றாகச் செய்த சவர்க்காரத்தின் பீ.எச். பெறுமானமோ 9 முதல் 10 வரை இருக்கும். எத்துணைத் திறமையாகச் செய்தாலும் சவர்க்காரம் காரத்தன்மையுடையதே. அக்காரத்தோடு, எண்ணெயுடன் சேராத எரிசோடாவும் கட்டியில் எஞ்சி நிற்குமாயின் தோல் எரியும், வறளும், வெடிக்கும். எனவே, எரிசோடா சிறிதும் எஞ்சாதவாறும் எண்ணெய் சிறிது எஞ்சுமாறும் செய்வதே இத்தொழிலின் முதல் விதி.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தல்

தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதி இலோரிக்கமிலமாகும். அதனாலே தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கடினமான கட்டியாகின்றது. நுரையும் மிகுதியாகத் தருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார், புத்தளம் முதலிய சுண்ணாம்புக்கல் நிலங்களின் கிணற்றுநீர் வன்னீராகும். ஏனைய எண்ணெய்களின் சவர்க்காரம் அந்நீரில் நுரைக்க மறுக்கும்போதும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் ஓரளவு நுரைக்கும்.

இக்குணமே மென்மையான தோலுக்குக் குறையாகவும் முடிகின்றது. இலோரிக்கமிலச் சவர்க்காரம் அழுக்கோடு தோலின் இயற்கை நெய்ப்பையும் கழுவிச் செல்வது. ஏனையவற்றிலும் மிகுதியாகத் தோலை உறுத்துவது. ஆதலின் தேங்காயெண்ணெயை மாத்திரம் கொண்டு செய்த கட்டி துணி தோய்க்கச் சிறந்ததாயினும், கரப்பான் வரும் உடம்புக்கு ஏற்றதன்று. அதனை நல்லெண்ணெயுடன் கலத்தல் வேண்டும். நல்லெண்ணெய்ச் சவர்க்காரம் நுரை குறைந்தது, இதமானது. ஆனால் தனியே செய்தால் கட்டி மென்மையாகி விரைவிற் கரையும். இரண்டும் கலக்கும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்தால் நுரை நிலைத்து நிற்கும்.

இலுப்பெண்ணெய் கிடைக்குமிடத்து நல்லெண்ணெயிற் பாதிக்குப் பதிலாக அதே நிறை இலுப்பெண்ணெயைச் சேர்க்கலாம். கட்டி இன்னும் உறுதியாகும். வேறு மாற்றங்கள் செய்தலாகாது. அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

எண்ணெய் புதியதாகவும் தெளிந்ததாகவும் இருத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த கொப்பராவிலிருந்து எடுத்த எண்ணெயும், பொரித்து மீந்த எண்ணெயும் துணிச் சவர்க்காரத்துக்கே உரியவை. காறிய எண்ணெயாற் செய்த கட்டி சில மாதங்களிலே செம்மஞ்சட் புள்ளிகள் விழுந்து நாறத் தொடங்கும்.

நிறை அளவுகள்

தேங்காயெண்ணெய் - 500 கிராம்
நல்லெண்ணெய் - 450 கிராம்
ஆமணக்கெண்ணெய் - 50 கிராம்
எரிசோடா - 145 கிராம்
நீர் - 300 கிராம்

நீர் உட்பட எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுத்தல் வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியற் தராசு இதற்குப் போதும். கோப்பையாலும் கரண்டியாலும் அளத்தல் பெருந் தவறாகும். எரிசோடா செதிலாகவும் மணியாகவும் விற்கப்படுகின்றது. ஒரே கோப்பையில் இவ்விரண்டும் வெவ்வேறு நிறை கொள்ளும். ஈரங் குடித்துக் கட்டிபட்ட எரிசோடாவை வாங்குதலும் கூடாது.

மேலே கூறிய எண்ணெய்க் கலவை முழுவதையும் சவர்க்காரமாக்குவதற்கு ஏறத்தாழ 154 முதல் 163 கிராம் வரை எரிசோடா வேண்டும். எண்ணெய் இயற்கைப் பொருளாதலின் அதன் தேவை விளைச்சலுக்கு விளைச்சல் சற்று வேறுபடும். 145 கிராம் மாத்திரம் இடும்போது, தேவை மிகக் குறைந்த எண்ணெயாயினும் அதில் நூற்றுக்கு 6 பங்கு சவர்க்காரமாகாது எஞ்சும். அந்த மிகையெண்ணெயே தோலுக்குக் காப்பாகும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய எரிசோடா வேறு வேறாகும். 1000 கிராம் தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 180 கிராமும், 1000 கிராம் நல்லெண்ணெய்க்குச் சுமார் 134 கிராமும் தேவை. தேங்காயெண்ணெய் விலையேறிய காலத்தில் அதற்குப் பதிலாக முழுவதும் நல்லெண்ணெயை ஊற்றி, எரிசோடாவை மட்டும் பழைய அளவிலேயே இட்டால், ஏறக்குறைய 11 கிராம் எரிசோடா சேர இடமின்றிக் கட்டியிலே நிற்கும். அக்கட்டி பார்வைக்கு நல்லதுபோலவே தோன்றும். தோலிற் பட்டபின்னரே அதன் கொடுமை தெரியும். எண்ணெயை மாற்றுவோர் எரிசோடாவின் அளவையும் புதிதாகக் கணக்கிடல் வேண்டும் என்பது இதனாலேயே.

எரிசோடாவைக் கையாளும்போது

முடிந்த சவர்க்காரத்தில் எரிசோடா இல்லை. ஆனால் செய்து முடியும் வரை அது கொடிய நஞ்சாகும். கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். விழுங்கினால் தொண்டையையும் உணவுக் குழாயையும் வேகச்செய்யும். பின்வருவன எவ்வாற்றானும் கைவிடத்தகாத விதிகள்.

1. சிறுபிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வராத இடத்தில், நல்ல காற்றோட்டத்தில் வேலை செய்க.

2. இறப்பர்க் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, நீண்ட கையுள்ள சட்டை, பாதத்தை மூடும் செருப்பு ஆகியன அணிக.

3. எரிசோடாவையே நீரிற் சிறிது சிறிதாக இடுதல் வேண்டும். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துச் சீறித் தெறிக்கும்.

4. அலுமினியப் பாத்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவை எழுப்பும். எவர்சில்வர்ப் பாத்திரம் அல்லது வெப்பந் தாங்கும் தடித்த பிளாத்திக்குப் பாத்திரம் ஏற்றது. அப்பாத்திரங்களைச் சமையலுக்கு மீண்டும் எடுத்தலாகாது.

5. எஞ்சிய எரிசோடாவைக் காற்றுப் புகாத கொள்கலத்தில் அடைத்து, நஞ்சு எனப் பெயரெழுதிப் பூட்டி வைக்க. குடிபானப் போத்தலில் வைத்தல் உயிருக்கு ஆபத்தாகும்.

6. தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் நீரிற் குறைந்தது 20 நிமிடம் கழுவுக. நனைந்த உடையைக் களைக. வினாகிரி, தேசிக்காய்ப் புளி முதலியவற்றை இடுதல் கூடாது. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் வாயைக் கொப்புளிக்கச் செய்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

செய்முறை

நிறுத்தெடுத்த நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட்டு, எவர்சில்வர்க் கரண்டியாற் கரைக்க. கரைசல் வெகுவாகச் சூடேறும்; எழும் ஆவியை முகர்தல் கூடாது. இதனை மூடிப் பாதுகாப்பான இடத்தில் ஆறவிடுக.

வேறொரு பாத்திரத்தில் மூவகை எண்ணெயையும் கலக்குக. நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களிலே தேங்காயெண்ணெய் உறைந்திருக்குமாதலின் முன்னரே உருக்கிக்கொள்ளல் வேண்டும். எண்ணெயும் கரைசலும் ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு வந்தபின், கரைசலை எண்ணெயினுள் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே ஒரே திசையிற் கிண்டுக. மரத்துடுப்பாற் கிண்டினால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். கையில் பிடிக்கும் மின் கலக்கியாயிற் சில நிமிடங்களே போதும்.

கலவை முதலில் மஞ்சளாய் நீர்த்திருக்கும். பின்னர் வெளுத்துத் தடிக்கும். துடுப்பை உயர்த்திக் கலவையை மேலே வடியவிட்டால், வடிந்த கோடு உடனே மறையாது சற்றுநேரம் நிற்றல் வேண்டும். அதுவே பதம். இப்பதம் வருமுன் அச்சில் ஊற்றினால் எண்ணெயும் காரமும் பிரிந்து நிற்கும்.

உள்ளளவு 20 சதமமீற்றர் நீளமும் 10 சதமமீற்றர் அகலமும் 8 சதமமீற்றர் ஆழமுமுள்ள மரப்பெட்டி இந்த அளவுக்குப் போதியது. அதனுள் எண்ணெய்த்தாள் விரித்துக் கலவையை ஊற்றி, மேலே பலகையிட்டுச் சாக்கினால் மூடுக. ஒரு நாள் முதல் இரு நாள் வரையிற் கட்டி இறுகும். கையுறையணிந்து வெளியே எடுத்து, 2 சதமமீற்றர் தடிப்பிற் பத்துத் துண்டுகளாக அறுக்க.

முற்றவிடுதல்

அறுத்த அன்றே ஒரு துண்டை எடுத்துக் குளிக்கும் ஆவலே பலரது முயற்சியைக் கெடுப்பது. துண்டுகளை வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்திலே மரச்சட்டத்தின்மேல் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, ஆறு கிழமை முற்றவிடல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை புரட்டுக. முதற் சில நாளில் எரிசோடா முழுவதும் எண்ணெயுடன் சேர்ந்துவிடும். அடுத்த கிழமைகளில் நீர் வெளியேறிக் கட்டி இறுகும்; நுரை மிருதுவாகும். கட்டி விரைவிற் கரைந்து வீணாகாதிருப்பதும் இதனாலேயே.

கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்குமாதலின் மாரி காலத்திற் கட்டிகள் வியர்த்தாற்போல நீர்த்துளி கொள்ளும். இது பழுதன்று, எனினும் முற்றுதல் தாமதிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் தை கழிந்தபின் வரும் உலர்ந்த மாதங்களே இவ்வேலைக்கு வாய்ப்பானவை.

சோதித்தல்

முற்றிய ஒவ்வோர் ஈட்டிலிருந்தும் ஒரு துண்டை இரண்டாக வெட்டிப் பார்க்க. உள்ளே வெண்ணிறக் கல் போன்ற மணிகளோ, நீர் தேங்கிய துளைகளோ காணப்படின் அவை சேராத எரிசோடாவாகலாம். மேற்பரப்பில் மாத்திரம் படியும் வெண்பொடி வேறு. அது காற்றுப் பட்டு உண்டாகும் சோடியங் காபனேற்று ஆகும். அதனைச் சீவி எறிந்துவிட்டுக் கட்டியைப் பயன்படுத்தலாம்.

வெட்டிய முகத்தை ஒரு துளி நீரால் நனைத்துக் குழைத்து, பீ.எச். தாளை அதன்மேல் வைத்துப் பார்க்க. 9 அல்லது 10 காட்டின் நன்று. 11 அல்லது அதற்கு மேற்படின் இன்னும் இரு கிழமை வைத்து மீண்டும் சோதிக்க. அப்போதும் குறையாத கட்டியை உடம்புக்கு எடுத்தலாகாது. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஆபத்தானது. அதனைக் கைவிடல் வேண்டும்.

சோதனையில் தேறிய கட்டியையும் முழு உடம்பிலும் ஒரேயடியாகப் பூசாமல், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நுரையைத் தேய்த்துக் கழுவிச் சில நாள் பார்த்தல் நல்லது. சிவப்போ அரிப்போ தோன்றின் அதனை விட்டுவிடுக.

வாசனையும் மூலிகையும்

எளிதிற் சிவந்து அரிக்கும் தோலுக்கெனச் செய்யும் சவர்க்காரத்தில் வாசனை சேர்க்காமையே உத்தமம். தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களுள் வாசனைப் பொருள்கள் முன்னிற்பன. இயற்கையில் விளைந்தது என்பது இதற்கு விலக்காகாது. இலங்கைக்குப் பெயர் தேடித்தந்த கறுவாவின் பட்டையெண்ணெயும் இலையெண்ணெயும், கராம்பெண்ணெயும் தோலை உறுத்துவனவாகவும் ஒவ்வாமை விளைப்பனவாகவும் நன்கு அறியப்பட்டவை. சமையலறையில் அவற்றுக்குள்ள மதிப்புச் சவர்க்காரத்திற் செல்லாது.

பச்சைக் கற்றாழை, இலைச்சாறு, பால் முதலியவற்றைச் சேர்த்தலும் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றதன்று. பாலிலும் பழச்சாற்றிலுமுள்ள சீனி எரிசோடாவாற் கருகிக் கலவையைப் பொங்கச் செய்யும். இலைத்துண்டுகள் கட்டியினுட் கறுத்துச் சொரசொரப்பாகி மென்மையான தோலை உரசும். வேப்பெண்ணெயின் மணத்தைத் தாங்குவோர் அரிதாதலின் அதனைக் குழந்தைகளுக்கெனச் செய்யும் கட்டியிற் சேர்க்கத் தேவையில்லை. வெண்மஞ்சள் நிறமும் மெல்லிய எண்ணெய் மணமுமுள்ள வெறுங் கட்டியே இங்கு வேண்டப்படுவது.

பயன்படுத்தும் முறை

நல்ல சவர்க்காரமும் தவறாகப் பயன்படுத்தினால் தீங்கு செய்யும். கொதிநீர் தோலின் நெய்ப்பை அகற்றுமாதலின் இளஞ்சூட்டு நீரே நன்று. உடம்பு முழுவதையும் நாடோறும் சவர்க்காரத்தால் தேய்க்கவேண்டுமென்பதில்லை. வியர்வை மிகும் இடங்களுக்கும் அழுக்குப் பட்ட கைகால்களுக்கும் இட்டாற் போதும். நுரையை உடம்பில் உலரவிடாது நன்றாக அலசுதல் வேண்டும். வன்னீரிலுள்ள சுண்ணத்தோடு சவர்க்காரம் சேர்ந்து உண்டாகும் கசடு தோலில் ஒட்டி நின்று உறுத்தும். அத்தகைய இடங்களில் மழைநீரைச் சேர்த்துவைத்து, இறுதியாக உடம்பை அலச அதனைப் பயன்படுத்துதல் பெரும் பயன் தரும். குளித்தபின் ஈரத்தை ஒற்றி எடுத்து, தோல் சற்று ஈரமாயிருக்கும்போதே நெய்ப்பான பூச்சொன்றைத் தடவலாம்.

பிறந்து ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சவர்க்காரமே வேண்டியதில்லை. இளஞ்சூட்டு நீர் போதும். தோல் வெடித்து நீர் கசியும் கரப்பானுக்கு எந்தச் சவர்க்காரமும் மருந்தன்று. அந்நிலையிற் சவர்க்காரத்தை அறவே நிறுத்தி, அதற்குப் பதிலாக வேறு பூச்சைக் கொண்டு கழுவுமாறு வைத்தியர் கூறக்கூடும். அவர் கூறியவாறு நடத்தல் வேண்டும். வீட்டுச் சவர்க்காரத்தை அயலவருக்கு விற்க முற்படுவோரும், அது தோல் நோயைத் தீர்க்கும் எனச் சொல்லலாகாது. சேர்த்த எண்ணெய்களின் பெயரையும் செய்த நாளையும் எழுதிக் கொடுத்தல் வாங்குவோருக்கு உதவியாகும்; ஒவ்வாத பொருள் யாதென அறிந்தவர் அதனைப் பார்த்து விலகிக்கொள்வர்.

முதன்முறை செய்வோர் இங்கு கூறிய அளவைக் கூட்டாது குறைக்காது ஓர் ஈடு மாத்திரம் செய்தல் வேண்டும். எடுத்த நிறைகள், செய்த நாள், பதம் வர எடுத்த நேரம், ஆறு கிழமைக்குப் பின் பீ.எச். தாள் காட்டிய பெறுமானம் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், அடுத்த ஈடு பிழைக்குமாயின் பிழை எங்கு நேர்ந்தது என்பதை அதிலிருந்தே கண்டுகொள்ளலாம். பத்துக் கட்டிகள் கொண்ட ஓர் ஈடு முற்றுவதற்கு ஆறு கிழமை செல்லுமாதலின், கையிலுள்ளது பாதியாகக் குறைந்தவுடனே அடுத்த ஈட்டைத் தொடங்குதல் வேண்டும். அவ்வாறு செய்யும் வீட்டில் முற்றாத கட்டியை அவசரத்துக்கு எடுக்கும் தேவை ஒருபோதும் நேராது.